எதிரணி சாட்சி

நடுவர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. என் கைதான் ஒயர் கூடைக்குள் போய்ப் போய் வந்தது.

வெள்ளிமலையில் ஒரு பள்ளிக்கூட மைதானம். தை மாதத்துக் காலை. வெயில் வந்துவிட்டது, ஆனால் பனி இன்னும் புல்லை விட்டுப் போகவில்லை. மைதானத்து ஓரத்தில் ஒரு மேசை, அதன்மேல் காற்றில் பறக்காமல் கல் வைத்த தாள்கள், மேசைக்குப் பின்னால் கழுத்தில் மஃப்ளர் சுற்றிய நடுவர். எனக்கு முன்னால் நின்ற ஆறு பேரும் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நான் ஏழாவது.

கூடையில் துண்டு இருந்தது. சீப்பு இருந்தது. புளிச்சோற்றுப் பொட்டலம் இருந்தது, வாட்டிய வாழையிலையின் மணத்தோடு. அட்டை மட்டும் இல்லை.

"பேர் இன்னாம்மா?" என்றார் நடுவர்.

"அஞ்சலை, சார்."

தாளில் விரலை ஓட்டினார். கடைசி வரியில் விரல் நின்றது. "பேரு இருக்குது. அது நீதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"



ஏழே பேர்

கள்ளக்குறிச்சியில் நான் படித்த கல்லூரியில் பெண்களுக்குக் கபடி அணி என்று ஒன்று உண்டானதே சரோஜா டீச்சரால்தான். அவர் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியை. குள்ளமாக இருப்பார். விசிலை எப்போதும் வாயின் ஓரத்தில் வைத்துக்கொண்டே பேசுவார். கோபம் வந்தால் வார்த்தையோடு விசிலும் சேர்ந்து வரும்.

நிர்வாகத்துக்கு எங்கள் அணிமேல் பெரிய அபிப்பிராயம் இல்லை. அதற்கு முன் போன போட்டி மழையில் பாதியிலேயே நின்றுபோனது. அதற்கும் முன்னதில் எங்கள் பேருந்து பழுதாகி, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவையும் ஆடி முடிக்காமல் திரும்பினால் அடுத்த ஆண்டு பெண்கள் அணியே வேண்டாம் என்று முதல்வர் சொல்லிவிட்டார். ஆடிவிட்டுத்தான் வருவோம் என்று டீச்சர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

அணியில் பெயருக்குப் பன்னிரண்டு பேர் இருந்தோம். மலைக்குப் போக வேண்டும் என்றதும் மூன்று வீடுகளில் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல். ஒருத்திக்கு அன்றைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். கணக்குப் பார்த்தால் மிஞ்சியது சரியாக ஏழு. கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தவரின் மகள் நூர்ஜஹானை அவளுடைய அப்பா அனுப்பியதே பெரிய விஷயம். அவர் பேருந்து நிலையத்துக்கே வந்து, டீச்சரிடம் மகளை ஒப்படைத்துவிட்டு, ஜன்னல் வழியாக எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பேரீச்சம்பழப் பொட்டலம் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் அப்பா தடுக்கவில்லை. பெரியப்பாதான் கூடாது என்றார். நைனார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். வயசுக்கு வந்த பெண் தொடையைத் தட்டிக்கொண்டு ஆடினால் எவன் கட்டுவான் என்பது அவர் கேள்வி. அப்பா கரும்பு வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவ ஆடறது ஊருக்குத் தெரியாதுண்ணே. நீ கத்துறதுலதான் தெரியுது" என்று மட்டும் சொன்னார்.

அட்டை வந்த கதை

போன வாரம் இந்தத் தொடரில் பஸ் பாஸைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு அட்டைக்கும் ஒரு பாஸுக்கும் இவ்வளவு அலட்டலா என்று என் மருமகள் கேட்டாள். அவளுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் அச்சடித்த எழுத்தோடு ஒரு பெயர் வந்தது என்றால் அது அந்த அட்டையில்தான். மஞ்சள் நிறம், மேலே பிளாஸ்டிக் உறை. நான் கொண்டுவந்து காட்டிய அன்று அப்பா கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கினார். படிக்கத் தெரியாது. இதில் உன் பெயர் எது என்று கேட்டார். காட்டினேன். தன் பெயர் எது என்று கேட்டார். அதையும் காட்டினேன். ரெண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உன் பெயர்தான் நீளம் என்று கண்டுபிடித்ததுபோல் சொன்னார்.

அம்மா ஒரு படி மேலே போனாள். வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்டபோது அட்டையின் மூலையில் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டாள். அது பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிட்டது. கல்லூரி ஆபீஸில் அதைப் பார்த்து, இதென்ன கல்யாணப் பத்திரிகையா என்று கேட்டார்கள்.

அப்படிப்பட்ட அட்டையை நான் தொலைத்தேன்.

வளைவு

எங்கே தொலைத்தேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கச்சிராயபாளையம் தாண்டி, அணையைத் தாண்டி, மலை ஏறத் தொடங்கும்வரைக்கும் நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு போனோம். ஏறத் தொடங்கியதும் பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது. நான் அதற்குமுன் மலையேறியதே இல்லை. பேருந்து வளையும் பக்கமெல்லாம் என் வயிறும் வளைந்தது.

டீச்சர் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து முகர்ந்துகொண்டே வரச் சொன்னார். இடது கையில் பழம். வலது கையில் அட்டை. அட்டையால்தான் விசிறிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில், சாலை ஓரத்தில் மஞ்சள் துணி கட்டிய ஒற்றைக் கல் சாமி ஒன்றைப் பார்த்த ஞாபகம். அடுத்த நொடி என் தலை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. திரும்பத் தலையை உள்ளே இழுத்தபோது எலுமிச்சம்பழம் கையில் இருந்தது. அட்டையைப் பற்றி அப்போது யார் நினைத்தார்கள்?

மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் எல்லாம் விளங்கியது.

டீச்சர் சொல் எடுபடவில்லை

சரோஜா டீச்சர் ஓடிவந்தார். இவள் என் மாணவி, மூன்று ஆண்டுகளாக எனக்குத் தெரியும் என்றார். நடுவர் மரியாதையாகத்தான் பேசினார். அந்த மலையிலேயே பல ஆண்டுகள் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முந்திய ஆண்டு ஒரு அணி, வெளியூரில் கூலிக்கு ஆடும் பெண்ணைக் கூட்டிவந்து வேறொருத்தி பெயரில் இறக்கிவிட்டதாம். அவர்களுடைய டீச்சரும் இப்படித்தான் சாமி மேல் சத்தியம் செய்தாராம். அதன்பிறகு அட்டை இல்லாமல் யாரையும் விடுவதில்லை, ஏழு பேர் இல்லாத அணியையும் விடுவதில்லை என்று ஊரே கூடி முடிவெடுத்துவிட்டது.

"எனுக்கு ஒங்க மேல சந்தேகம் இல்லம்மா. ஆனா உங்களுக்கு வுட்டா நாளைக்கி எல்லாருக்கும் வுடணும்" என்றார்.

அந்த ஆண்டு பெண்கள் பிரிவில் வந்திருந்ததே ரெண்டு அணிகள். நாங்களும், தியாகதுருகம் பக்கத்திலிருந்து ஆசிரியப் பயிற்சிப் பெண்களும். நாங்கள் இறங்காவிட்டால் கோப்பை ஆடாமலேயே அவர்களுக்கு. அவர்கள் பக்கத்தில் ஏற்கெனவே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருத்தி ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

என் அணிப் பெண்கள் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. நூர்ஜஹான் என் கூடையைக் கவிழ்த்து, புளிச்சோற்றுப் பொட்டலத்தைக்கூடப் பிரித்துப் பார்த்தாள். டீச்சர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டார். அவர் விசில் இல்லாமல் நின்று நான் பார்த்தது அப்போதுதான்.

ஒரு பல்

எதிரணியிலிருந்து ஒருத்தி எழுந்து மேசையைப் பார்த்து வந்தாள். நெட்டையானவள். நடக்கும்போதே முழங்கால் பட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு குரல், "வுடுடி வளரு, சும்மா ஜெயிச்சிட்டோம்" என்றது. அவள் திரும்பவில்லை.

நேராக நடுவரிடம் போய், உதட்டை ஒரு விரலால் தூக்கிப் பல்லைக் காட்டினாள். முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருந்தது.

"இது இவ முழங்கை பட்டு ஒடஞ்சது சார். போன வருசம். இவதான் அஞ்சல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்திய ஆண்டு சின்னசேலத்தில், மழையில் நின்றுபோன அந்த ஆட்டத்தில் இவள் என்னை இடுப்பில் பிடித்தாள், நான் திமிறிக்கொண்டு வந்தேன் என்பது நினைவிருந்தது. பல் உடைந்தது எனக்குத் தெரியவே தெரியாது. அன்றைக்கு என் பெயரை யாரோ கத்தியது அவள் காதில் விழுந்து, அதோடு தங்கிவிட்டிருக்கிறது.

நடுவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இவள் ஆடாவிட்டால் கோப்பை உனக்குத்தானே, நீ எதற்கு வந்து சாட்சி சொல்கிறாய் என்று கேட்டார்.

அவள் பெயர் வளர்மதி. கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஒரு வருசமா இவளப் புடிக்கணும்னு பழகிக்கினு இருக்கேன் சார். இன்னிக்கி வுட்டா அப்புறம் எங்க போயிப் புடிக்கறது?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை. மஃப்ளரை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டார். பிறகு வளர்மதியிடம், அஞ்சலையை அப்படிக் கவனித்தவள் என்றால் அவள் ஆடுவதுபோல் ஆடிக்காட்டு, பிறகு இவளையும் ஆடச் சொல்லிப் பார்க்கிறேன், ரெண்டும் ஒத்துப்போனால் இவள்தான் அவள் என்று தீர்ப்புச் சொன்னார்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்

நான் பார்க்கக்கூடாது என்பதால் என்னைப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். காவலுக்கு ஒரு அம்மாள். தலையில் போர்வை போர்த்திக்கொண்டு, கையில் இருந்த வேர்க்கடலையை எனக்கும் கொடுத்தார். முன்பக்கத்திலிருந்து வரும் சத்தம்தான் எனக்குச் செய்தி.

முதலில் நிசப்தம். பிறகு ஒரு சிரிப்பு. பிறகு பெரிய சிரிப்பு. பிறகு கைதட்டல். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அந்த அம்மாளைக் கேட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஒன்னத்தான் சிரிக்கறாங்க. நல்லாத்தான் கீது" என்றார்.

என்னைக் கூப்பிட்டார்கள். நடுக்கோட்டில் நின்றேன். எதிரே எதிரணி ஏழு பேரும் சும்மா கைகோத்து நின்றார்கள். எப்போதும் ஆடுவதுபோல் ஆடு என்றார் நடுவர். எப்போதும் எப்படி ஆடுவேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? நம்மை நாம் பார்த்ததே இல்லையே.

பேண்ட்டின் இடுப்பை ரெண்டு கையாலும் மேலே இழுத்தேன். கூட்டம் கொல்லென்றது.

குனிந்து மண்ணைத் தொட்டு, புறங்கையால் மூக்கைத் துடைத்தேன். இன்னும் பெரிய சிரிப்பு. மேசைக்குப் பின்னால் நடுவரின் தோளும் குலுங்கியது.

கபடி கபடி என்று பாடிக்கொண்டு போனேன். இடது தோளைத் தாழ்த்தி இடது பக்கம் ஒரு பொய் எட்டு வைத்து, சட்டென்று திரும்பி வலது காலை நீட்டினேன். அவ்வளவுதான். மைதானமே எழுந்து நின்றுவிட்டது. மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் கிளையை உலுக்கினார்கள். நூர்ஜஹான் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரிப்பில்.

வளர்மதி இதையெல்லாம், மூக்குத் துடைப்பது உட்பட, அப்படியே செய்து காட்டியிருக்கிறாள். திரும்பும்போது நான் நாக்கின் நுனியைக் கடித்துக்கொள்வேன் என்பதைக்கூட விடவில்லை.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக வேறொன்று இருந்தது. கழனியில் களை எடுத்தாலும், கல்லூரியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலும், கூட்டத்தோடு கூட்டமாக இருந்தே பழகியவள் நான். என்னை இப்படி ஒருத்தி ஒரு வருஷம் முழுக்க மனசுக்குள் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறாள் என்றால், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

நடுவர் என் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டார். "எதிர் டீமே சாட்சி சொல்லிடுச்சி. இதுக்கு மேல கார்டு எதுக்கு?" என்றார். டீச்சர் விசிலை மறுபடி மாட்டிக்கொண்டார்.

ஆட்டம்

முதல் பாதியில் அவள் என்னை மூன்று தடவை பிடித்தாள். நான் இடது தோளைத் தாழ்த்தும்போதே அவள் வலது பக்கம் வந்து காத்திருந்தாள். அஞ்சல் பெட்டியில் கடிதம் போடுவதுபோல் நான் காலைக் கொண்டுபோய் அவள் கையில் போட்டேன்.

இடைவேளையில் டீச்சர் என் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுச் சொன்னார். "நீ எப்படி ஆடுவன்னு அவளுக்கு ஒரு வருசமாத் தெரியும். உனக்கு இன்னிக்கித்தான் தெரிஞ்சிருக்கு. இப்பவாவது மாத்து."

மாற்றினேன். இடது தோளைத் தாழ்த்தினேன், இடது பக்கமே போனேன். அவள் வலது பக்கம் பாய்ந்து காற்றைப் பிடித்தாள். எழுந்து மண்ணைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள், அந்த உடைந்த பல்லோடு. அடுத்த தடவை வலது. அதற்கடுத்த தடவை நடுவில். நூர்ஜஹான் மறுபக்கத்தில் ஒருத்தியைத் தொடையோடு அணைத்துத் தூக்கிக் கோட்டுக்கு வெளியே வைத்தாள், பாத்திரக் கடையில் அண்டாவைத் தூக்கி வைப்பதுபோல். புள்ளிகள் சமமாகிவிட்டன.

கடைசிப் பாட்டு எனக்கு வந்தது. மலைக்காரர்கள் கோட்டை ஒட்டி வந்து நின்றுவிட்டார்கள். யாருக்காகக் கத்துகிறார்கள் என்றே தெரியவில்லை. ரெண்டு பெயரும் கேட்டது.

பாடிக்கொண்டு போய் ஒருத்தியைத் தொட்டுவிட்டேன். திரும்பிப் பாயும்போது வலது கணுக்கால் எதிலோ மாட்டியது. விழுந்தேன். எதிலோ என்ன, வளர்மதியின் கைதான். மூச்சு இன்னும் இருந்தது. மண்ணில் நகர்ந்தேன். அவள் இழுத்தாள். நான் நகர்ந்தேன். நடுக்கோட்டின் சுண்ணாம்பு என் மூக்கில் ஏறுகிறது, விரல் நுனிக்கும் கோட்டுக்கும் ஒரு சாண்கூட இல்லை. அப்போது பாட்டு நின்றுவிட்டது. மூச்சு தீர்ந்துவிட்டது.

ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம்.

வளர்மதி என் காலை விடவே இல்லை. படுத்தபடியே பிடித்துக்கொண்டு, மேலே ஆகாயத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.  ஆடாமல் தோற்க இருந்தவள் ஆடித் தோற்றேன் அல்லவா.

அவர்களுக்குக் கோப்பை. வந்ததே ரெண்டு அணி என்பதால் இரண்டாம் பரிசு எங்களுக்கு, ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு. கல்லூரியில் முதல்வர் காலை வணக்கத்தில் அதில் ஒன்றை உயர்த்திக் காட்டி, மலையில் நடந்த போட்டியில் நம் பெண்கள் இரண்டாம் பரிசு என்று அறிவித்தார். மொத்தம் எத்தனை அணிகள் என்று யாரும் கேட்கவில்லை. டீச்சரும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அணிக்குப் புதுப் பனியன் வந்தது.

நெல்லிக்காய்

மலையிறங்கும்போது ரெண்டு அணியும் ஒரே பேருந்து. வளர்மதி என் பக்கத்தில் உட்கார்ந்து, அட்டை எங்கே விழுந்தது என்று விசாரித்தாள். ஒற்றைக் கல் சாமியைச் சொன்னேன். அவள் ஓட்டுநரிடம் போய் என்ன சொன்னாளோ, அந்த வளைவு வந்ததும், பிரேக் கொஞ்சம் ஆறட்டும் என்று சொல்லி அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

பதினாலு பெண்களும் சரிவில் இறங்கினோம். புல்லை விலக்கினோம், கல்லைப் புரட்டினோம். ஒருத்திக்கு ஒற்றைச் செருப்பு கிடைத்தது. ஒருத்திக்கு யாரோ தொலைத்த குடை கிடைத்தது, கம்பி மட்டும். அட்டை கிடைக்கவில்லை. கிடைத்தது என்னவென்றால், கொஞ்சம் கீழே ஒரு காட்டு நெல்லி மரம், இலை தெரியாமல் காய்த்து நின்றது.

அதன்பிறகு யாரும் அட்டையைத் தேடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மடி நிறையப் பறித்துக்கொண்டு ஏறினோம். ஓட்டுநருக்கு ஒரு பங்கு, நடத்துநருக்கு ஒரு பங்கு, பேருந்தில் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் ஒரு பங்கு. தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் தொண்டையெல்லாம் இனிப்பு. அணை வரும்வரைக்கும் ஒரே செம்பு பேருந்து முழுக்கச் சுற்றியது.

ஸ்டேஷனில் இரண்டாம் பாதி

இனிப்பு கல்லூரி ஆபீஸ்வரைக்கும் வரவில்லை. பல்கலைக்கழகத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அட்டை இல்லாமல் ஹால் டிக்கெட் தரமாட்டோம், புது அட்டை வேண்டுமானால் தொலைந்துபோனதாகப் போலீஸில் எழுதி வாங்கி வா என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பா அன்றைக்குக் கரும்பு வெட்டப் போகாமல் என்னோடு வந்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் அதற்குமுன் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதில்லை. ஏறாமல் இருப்பதுதான் எங்களுக்குப் பெருமை. அப்பா வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். தோளில் இருந்த துண்டு கக்கத்துக்குப் போனது. சுவரை ஒட்டி நின்றுகொண்டார்.

ஏட்டு ஒரு தாளை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். எங்கே தொலைந்தது? மலைப்பாதையில். எப்படித் தொலைந்தது? வாந்தி எடுக்கும்போது. அவர் பேனாவை நிறுத்தி யோசித்துவிட்டு, 'பயணத்தின்போது தவறியது' என்று எழுதினார்.

மலைக்கு எதற்குப் போனாய் என்றார். கபடி ஆட என்றேன்.

பேனா மறுபடியும் நின்றது. "ஜெயிச்சீங்களா?"

"இல்ல சார். ஒரு பாயிண்ட்ல தோத்துட்டோம்."

"எப்படி?"

சொல்ல ஆரம்பித்தேன். சுருக்கமாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் பல்லைச் சொல்லாமல் ஆட்டத்தைச் சொல்ல முடியாது. பல்லைச் சொன்னால் வளர்மதி என்னைப்போல் ஆடிக்காட்டியதைச் சொல்ல வேண்டும். அதை வாயால் சொன்னால் புரியாது. ஸ்டேஷன் நடுவில் நின்று, அவள் என்னை எப்படி ஆடிக்காட்டினாளோ அப்படி நானே என்னை ஆடிக்காட்டினேன். உள்ளறையில் இருந்தவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். எதற்காகவோ பிடித்து வந்து மூலையில் உட்காரவைத்திருந்த ஒருவர், வலது பக்கம் போகாதம்மா, அவளுக்குத் தெரியும் என்று எனக்கு யோசனை சொன்னார்.

இடைவேளைவரைக்கும் சொல்லியிருப்பேன். ஏட்டு சுவரோரம் திரும்பிப் பார்த்தார். "இன்னாங்க பெரியவரே, நின்னுக்கினே கீறீங்க. உக்காருங்க. இன்னும் ரெண்டாவது பாதி இருக்குதில்ல?"

ஒரு காவலர் பெஞ்சில் தள்ளி இடம் கொடுத்தார். அப்பா முதலில் நுனியில்தான் உட்கார்ந்தார். நான் சுண்ணாம்புக் கோட்டை நெருங்கியபோது பார்த்தேன், முதுகு சுவரில் சாய்ந்திருந்தது. துண்டு மறுபடி தோளுக்கு வந்திருந்தது.

வேண்டிய தாள் கையெழுத்தும் முத்திரையுமாகக் கிடைத்தது. தேர்வுக்கு முன்பே புது அட்டையும் வந்தது. அதில் இப்போது சுவாரசியம் எதுவும் இல்லை.

களத்துமேடு

ஸ்டேஷனுக்குப் போன அன்று சாயங்காலம் ஊரில் பேருந்தைவிட்டு இறங்கி நடந்தோம்.  நான் ஆடி அவர் பார்த்ததே கிடையாது. விடியுமுன் கரும்புக்குப் போய்விட்டு இருட்டியபின் வருகிறவர் எங்கே பார்ப்பது? அன்று ஸ்டேஷனில் பார்த்ததுதான் அவர் பார்த்த முதல் ஆட்டம்.

அறுப்பு முடிந்து களத்துமேட்டில் யாரும் இல்லை. ஒரு பக்கம் வைக்கோல் போர். தரை சாணி மெழுகிப் பளிச்சென்று கிடந்தது. அப்பா நின்றார்.

"அந்தப் பொண்ணு எந்தக் காலப் புடிச்சிது?"

"வலது காலுப்பா."

தோளில் இருந்த துண்டை எடுத்து நீளமாகத் தரையில் போட்டார். வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டினார். துண்டுக்கு அந்தப் பக்கம் போய், முழங்காலை மடக்கி, ரெண்டு கையையும் விரித்து நின்றார். அந்த நிற்பைப் பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. இது நேற்று இன்று வந்த நிற்பு இல்லை. நீ ஆடியிருக்கிறாயா, ஏன் இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று கேட்க வாயைத் திறந்தேன்.

"பேசாத. மூச்சு போயிடும். பாடிக்கினு வா" என்றார்.

பாடிக்கொண்டு போனேன். இடது தோளைத் தாழ்த்தினேன், வலது பக்கம் போனேன், அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். கணுக்காலில் ஒரு பிடி விழுந்தது. கரும்பு வெட்டி வெட்டி உரமேறிய பிடி. வளர்மதி பிடியெல்லாம் ஒன்றுமில்லை. விழுந்தேன். ஆனால் அன்றைக்கு மூச்சை விடவில்லை. கபடி கபடி என்று சொல்லிக்கொண்டே, மெழுகிய தரையில் முழங்கையை ஊன்றி, அப்பாவையும் சேர்த்து இழுத்தேன். அவர் வைக்கோலில் புரண்டார், விடவில்லை. நானும் விடவில்லை. கடைசியில் என் விரல் துண்டின்மேல் இருந்தது.

அப்பா படுத்தபடியே கிடந்து மூச்சு வாங்கினார். தலை, மீசை எல்லாம் வைக்கோல். பிறகு எழுந்து, துண்டை நேராக இழுத்துவிட்டு, மறுபடியும் கையை விரித்து நின்றார்.

"இன்னொரு வாட்டி வா" என்றார்.